ஒரு ரிங் என்றால் நல்லா இருக்கேன்

ஓடுகிறோம்.

பனி. வைக்கிற கால் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. கவ்வாத்து வெட்டிய மலை இது. தேயிலைச் செடிகளை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டிருக்கிறார்கள். வெறும் குச்சிகள். ஒளிய ஓர் இலை கிடையாது. குச்சி காலைக் கிழிக்கிறது. வலிக்கவில்லை. பிறகுதான் வலித்தது.

முன்னால் ஓடுவது என் புருஷன் மகேந்திரன். பின்னால் நான், ராணி. என் ஜாக்கெட்டுக்குள் போன்.

கீழே லயத்தில் நாய்கள் குரைக்கின்றன. பூட்ஸ் சத்தம். ஜீப் ஒன்று ஏற்றத்தில் முனகி நிற்கிறது. துப்பாக்கிக் கட்டையால் கதவை இடிக்கிறார்கள். ஒரு கதவு. அடுத்த கதவு. ஒரு குழந்தை வீறிட்டு அழுது, சட்டென்று நிற்கிறது. யாரோ வாயைப் பொத்தியிருப்பார்கள். பக்கத்துக் காம்பரா பார்வதி அக்கா வாசலில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

“போன் வச்சிருக்கவங்கள ஏத்துறாங்க! ஓடு ராணி! ரெண்டு பேரும் ஓடுங்க!”

எங்கள் லயத்தில் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு போன். அது எங்களுடையது.

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஒன்று அது. மாசி மாதம். கோயிலில் கொடி ஏற்றியிருந்தார்கள். முந்தின நாள் கொழும்பில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. வெடித்தது கொழும்பில், சுற்றி வளைத்தது எங்களை. யுத்தம் வடக்கில் நடந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் இருந்தது திம்புள்ளப் பக்கம், தேயிலைக்கு நடுவில். எங்களுக்குத் தெரிந்த ஆயுதம் கவ்வாத்துக் கத்தி. ஆனால் பேசுவது தமிழ். அது போதுமாக இருந்தது.

தப்புச் செய்யாதவர்கள் ஏன் ஓட வேண்டும் என்று பிறகு என்னிடம் கேட்டார்கள். படித்தவர்கள், ஒலிப்பதிவு செய்ய வந்தவர்கள், அவர்கள்கூடக் கேட்டார்கள். போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை இப்படித்தான் ஏற்றினார்கள். அவர் செய்தது போன் வைத்திருந்தது. திரும்பி வரவில்லை. உங்கள் கதவை ஒரு தடவை துப்பாக்கிக் கட்டையால் இடிக்கட்டும், அப்புறம் வந்து கேளுங்கள் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அதைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

கானுக்குள் குதிக்கிறோம். மழைத்தண்ணீர் வடிய மலைக்குக் குறுக்கே வெட்டிய வாய்க்கால். இடுப்பளவு ஆழம். அடியில் சேறு. குப்புறப் படுத்துவிட்டோம். அவர் முன்னால், நான் பின்னால். மூச்சு வெளியே புகையாகப் போகிறது. அதையும் மறைக்கக் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

மேலே பாதையில் பூட்ஸ். இரண்டு பேர். நடக்கிறார்கள். நிற்கிறார்கள். தீப்பெட்டி உரசும் சத்தம். சிகரெட் வாசனை கான் வரைக்கும் இறங்கி வருகிறது.

போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது.

என் புருஷன் தோட்டத்து லொறி ஓட்டினார். டவுனுக்குப் போகிற வழியில் ஒரு செக்பொயின்ட். அணைக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. நானுஓயா ஸ்டேஷன் ரோட்டில் ஒன்று. எல்லாவற்றிலும் இறங்கி, கையைத் தூக்கி, மறுபடி ஏறிப் பழகியவர். போன் வாங்கியதும் லயத்து ஆட்களைக் கூட்டி வைத்து வகுப்பு எடுத்தார். செக்பொயின்ட் வருமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். அணைக்கட்டு, பாலம், ட்ரான்ஸ்போமர், ஆமிக்காரன், இதெல்லாம் கண்ணில் பட்டால் போனைக் கையில் எடுக்கவே கூடாது. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசக் கூடாது. அடுத்தவர் சிம்மை வாங்கவும் கூடாது, நம்முடையதைக் கொடுக்கவும் கூடாது. தமிழ்ப் பாட்டை ரிங்காக வைக்கக் கூடாது. போன் வாங்கிய கடையில் கொடுத்த ரசீதுத் துண்டும் அடையாள அட்டையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கேட்டவர்கள் சிரித்தார்கள். “மகேந்திரன் தம்பி, போன் வாங்கினீங்களா, பொண்டாட்டி கட்டினீங்களா?” என்று ஒரு கிழவர் கேட்டார். நானும் சிரித்தேன்.

ஆனால் அத்தனையையும் செய்தோம். ஒன்றைக்கூட மீறவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னதெல்லாம் போனை வெளியே கொண்டுபோவதற்கு. எங்கள் போன் வெளியே போனதே குறைவு. லயம் பள்ளத்தில் இருக்கிறது. மலை மேலே ஏறினால் சிக்னல் உண்டு, லயத்துக்குள் கிடைத்தது எங்கள் ஜன்னல் கம்பியில் மட்டும். ஷொப்பிங் பேக்கில் போட்டு அந்தக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கடைசிக் காம்பரா வரை கேட்க வேண்டும் என்று சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தோம். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் வரும் நேரம், பொழுது சாயும் நேரம், அது அடிக்கத் தொடங்கும்.

அடிப்பது எங்கள் பிள்ளைகள். கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் வேலை செய்த பிள்ளைகள். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிவிடுவார்கள். பேசினால் காசு. பேசக் காசிருந்தால் பிள்ளையை எச்சில் தட்டுக் கழுவ யார் கொழும்புக்கு அனுப்புகிறார்கள்? ஒரு ரிங் என்றால், நல்லா இருக்கேன். இரண்டு ரிங் என்றால், ஊருக்கு வர்றேன். நிற்காமல் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும். இங்கிருந்து நாங்கள் அடித்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். யார் இதைத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான் இருந்தது.

திரையில் வரும் பெயரை வாசிப்பது நான். “பார்வதி அக்கா, சதீஸ் அடிச்சிட்டான்!” என்று குரல் கொடுப்பேன். சதீஸ் அவளுடைய ஒரே மகன். துணிக்கடையில் மூட்டை தூக்கினான். அவள் ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். பிறகு அடுப்பு மூட்டப் போவாள். அவள் போனைத் தொட்டதே இல்லை.

குண்டு வெடித்த அன்று மாலை லயமே எங்கள் ஜன்னலுக்கு முன்னால் குந்தியிருந்தது. ரேடியோவில் செத்தவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கொழும்பு லைன் எல்லாம் அடைத்துக் கிடந்தது. இருட்டிய பிறகு ஒன்றொன்றாக வந்தது. சதீஸ் அடித்தான். மற்றவர்கள் அடித்தார்கள். ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு தாய் எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். கடைசியில் ஜன்னலுக்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும்.

ரவி அடிக்கவில்லை.

ரவி என் புருஷனின் தம்பி. மாமியார் சாகும்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டினான். வேலைக்குப் போவது குண்டு வெடித்த அந்த பஸ் ஓடும் ரோட்டில்தான். நாங்கள் அவனுக்கு அடித்துப் பார்த்தோம். ஒரு பெண் குரல் சிங்களத்தில் ஏதோ சொல்லி வைத்தது. மறுபடி அடித்தோம். அதே பெண். விடியும்போது போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஜன்னலில் நிற்கிறேன். அப்போதுதான் நாய் குரைத்தது.

கான். சேறு. மேலே சிகரெட்.

போனை அணைத்திருக்கலாமே என்பீர்கள். அந்தக் காலத்துப் போன் அணைக்கும்போது ஒரு பாட்டுப் பாடும். பட்டனை அழுத்தினால் கீச் என்னும். சத்தமில்லாமல் அடக்க ஒரே வழி பேட்டரியைக் கழற்றுவது. அவர் கற்றுக்கொடுத்தது. நான் போனை வெளியே எடுத்தேன். பின்மூடியில் நகத்தை வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சேறு. கழற்றவா என்று கண்ணால் கேட்டேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார். உதடு மட்டும் அசைந்தது. “தம்பி அடிப்பான்.”

நகத்தை எடுத்துவிட்டேன். போனை நெஞ்சுக்கும் சேற்றுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன். அணைக்கச் சொல்லியிருந்தாலும் நான் அணைத்திருக்க மாட்டேன். இதில் எங்களுக்குள் இரண்டு பேச்சே கிடையாது.

பூட்ஸ் நகர்கிறது. பாதையில் கீழ்நோக்கிப் போகிறது. கல் உருளுகிறது. இன்னும் கொஞ்சம். வளைவு தாண்டினால் போதும்.

அடித்தது.

ஒரு ரிங். என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. நின்றது.

“துவன்ன எபா!”

ஓடாதே என்று சிங்களத்தில். பூட்ஸ் திரும்பி ஓடி வருகிறது. துப்பாக்கி சரக் என்று இழுபடுகிறது. நான் போனைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் பார்த்தேன். திரையில் ரவி என்று இருந்தது. உயிரோடு இருக்கிறான். சிரிப்பு வந்தது எனக்கு. உண்மையாகவே வந்தது. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

அவர் என் கையிலிருந்து போனைப் பறித்தார். எழுந்து நின்றார். இரண்டு கையும் மேலே. “போன் என்னோடது. பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார், தமிழிலும் சிங்களத்திலும். முதல் அடி முழங்காலில் விழுந்தது. ஈர விறகு முறியும் சத்தம்.

பெண்களை ஏற்றவில்லை. நானும் பார்வதி அக்காவும் பஸ் பிடித்துப் பின்னால் போனோம். எந்த ஸ்டேஷன் என்று பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஓர் இடத்தில்தான் நடந்தது என்று நினைத்துவிடுவீர்கள். சுவரோரம் ஒரு வாங்குப் பலகை. அதில் இருக்கச் சொன்னார்கள். எதிரே மேசை. மேசை மேல் எங்கள் போன். எங்கள் ஜன்னல் கம்பியிலிருந்து அவிழ்த்து வந்த ஷொப்பிங் பேக்கை யாரோ மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே அறை. கதவு மூடியிருந்தது.

சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் வாளி தரையில் இழுபடும் சத்தம். பிறகு அவர் குரல். அது பேச்சாக இல்லை. பிறகு வாளி. மத்தியானம் சோறு வந்தது. உள்ளே தட்டுகள் ஒலித்தன. சாப்பிட்டுவிட்டுக் கைகழுவினார்கள். மறுபடி வாளி.

மேசையில் இருந்த பெரிய அதிகாரி போனை எடுத்துப் பட்டன்களை அழுத்தினார். கீச், கீச், கீச். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். பெரியவர் கேட்டதை எனக்குத் தமிழில் சொன்னார்.

“ஏன் எல்லாரும் ஒரு ரிங்ல கட் பண்றாங்க?”

“பேசினா காசு போகும் சார்.”

“ஒரு ரிங்னா என்ன சிக்னல்?”

“நல்லா இருக்கேன்னு அர்த்தம் சார்.”

பெரியவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பொலிஸ்காரரும் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். “யாரு நல்லா இருக்கான்? குண்டு வச்சவனா?”

குண்டு வெடித்த பிறகு வரிசையாக இத்தனை பேர் ஒரே நம்பருக்கு ஏன் அடித்தார்கள் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. குண்டு வெடிச்சா புள்ள, பெத்தவளுக்கு அடிக்காம வேற யாருக்கு சார் அடிப்பான் என்றேன். கன்னத்தில் விழுந்தது. ஒரு பல் ஆடியது. அது பிறகு விழுந்துவிட்டது.

பெரியவர் திரையில் முதலில் இருந்த பெயரைக் காட்டினார். ரவி. பொலிஸ்காரர் போனை எடுத்து அழுத்தினார். எங்கள் போனில் பேச்சுச் சத்தமும் உச்சத்தில்தான் இருந்தது. மறுமுனை மணி அடிப்பது வாங்கு வரைக்கும் கேட்டது.

எடுத்துவிட்டான்.

“அண்ணி? என்னா ஆச்சு அண்ணி? யாருக்கு என்னா?”

வீட்டிலிருந்து போன் வந்தால் சாவு. அவனுக்குத் தெரிந்தது அதுதான். அழத் தயாரான குரல். பொலிஸ்காரர் நல்ல தமிழில், இரக்கமாகச் சொன்னார். “தம்பி, அண்ணனுக்குச் சுகமில்ல. ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வர்றோம். எங்க இருக்கீங்க?”

“ரவி, சொல்லாத! சொல்லாதடா!”

என் வாயில் ஒரு கை விழுந்தது. சிகரெட் நாறும் கை. அதற்குள் அவன் கடைப் பெயரையும் தெருப் பெயரையும் சொல்லி முடித்திருந்தான். அண்ணனுக்கு ரொம்ப மோசமா என்று கேட்டான். போன் வைக்கப்பட்டது.

அதன் பிறகு அறைக் கதவு திறந்தது. அவரை இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோக ஜீப் வந்திருந்தது. ஒரு கால் தரையில் இழுபட்டது. முகம் அவருடைய முகமாக இல்லை. வாங்கைத் தாண்டும்போது நின்றார். போனில் யார் அடித்தது என்றே அவருக்குத் தெரியாது. கானில் திரையைப் பார்த்தது நான் மட்டும்தான்.

“ராணி. அடிச்சது தம்பியா?”

“தம்பிதாங்க. நல்லா இருக்கான்.”

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜீப் இரண்டு தடவை திணறி மூன்றாம் தடவை கிளம்பியது. நாங்கள் கடைசியாகப் பேசியது அது. ரவியைப் பிடிக்க ஆள் போகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொல்ல மனம் வரவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பொழுது சாய்ந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்வதி அக்காவின் கையைப் பிடித்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. பிள்ளைகள் அடிக்கும் நேரம். அவர்களுக்கு எதுவும் தெரியாது. எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் காசு கொடுத்துப் போன் பேசும் கொமியுனிகேஷன் கடை ஒன்று விளக்குப் போட்டுத் திறந்திருக்கிறது. ஓடிப்போய் அடிக்கலாம். எந்த நம்பருக்கு? எல்லா நம்பரும் போனுக்குள். போன் மேசை மேல். எங்களில் ஒருத்திக்கும் ஒரு நம்பரும் பாடமில்லை. போனுக்கு நம்பர் தெரியும், நமக்குப் பிள்ளையைத் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

அடித்தது. ஒரு ரிங். நின்றது.

பெரியவர் பேனாவை எடுத்தார்.

அடித்தது. ஒரு ரிங்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. சுவரில் மின்விசிறி சுற்றும் சத்தம். அடிக்காதீங்கடா, அடிக்காதீங்கடா என்று பார்வதி அக்கா முணுமுணுக்கிறாள். சாமி கும்பிடுவது மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு, போனைப் பார்த்து. இத்தனை வருஷமும் அடி அடி என்று கும்பிட்ட அதே கை.

அடித்தது. ஒரு ரிங்.

பொலிஸ்காரர் திரையைப் பார்த்து வாசித்தார். அதுவரை அதை வாசிப்பது என் வேலை.

“சதீஸ்.”

திருப்பி அடித்தார். அவன் எடுத்தான். “அம்மா? அம்மாவுக்கு என்னா?” அவன் குரலை அவள் கடைசியாகக் கேட்டது அவன் தீபாவளிக்கு வந்தபோது. அவள் முகம் அந்தக் குரலுக்கு மலர்ந்தது. ஒரு கணம்தான். நான் பார்த்தேன். அதைப் பார்த்ததற்கு என் கண் அவிந்து போயிருக்கலாம். பிறகு அவள் எழுந்து நின்று, ஸ்டேஷன் அதிரக் கத்தினாள்.

“எதுவும் சொல்லாத சாமி! போன வையி!”

அவளைக் கீழே தள்ளினார்கள். அவன் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டான். அம்மா கத்துகிறாள், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, அவன் இருக்கிற இடத்தை இரண்டு தடவை சொன்னான்.

அன்று மாலை எங்கள் பிள்ளைகள் ஒருவர் தவறாமல் அடித்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒரு நாளும் மறக்காத பிள்ளைகள்.

இழந்தது இவ்வளவு.

அந்தப் போனால் பிடிபட்ட பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பேர் திரும்பினார்கள், வெவ்வேறு வருஷங்களில். சதீஸுக்கு இடது காது கேட்காது. அவன் வந்தபோது பார்வதி அக்கா உயிரோடு இல்லை. இன்னொருவன் பேசுவதில்லை. மற்ற இருவரும் வெளிநாட்டில் என்கிறார்கள், நல்லது.

ரவி வரவில்லை. குண்டு வெடித்த அன்று கடை முதலாளி பயந்து பையன்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாராம். கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. விடிந்து கரண்ட் வந்ததும் முதல் வேலையாக எங்களுக்கு அடித்தானாம். கூட வேலை செய்த பையன் வந்து சொன்னான்.

மகேந்திரன் வரவில்லை. விட்டுவிட்டோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் என்றார்கள். எங்கே விட்டீர்கள் என்று கேட்டேன். பல வாசல்களில் கேட்டேன். யுத்தம் முடிந்துவிட்டது, இன்னும் என்ன என்று ஒருவர் கேட்டார். அவர் மேசையிலும் ஒரு போன் இருந்தது.

எங்கள் போன் திரும்பி வரவில்லை. அதன் நம்பரை இப்போது பாடமாக வைத்திருக்கிறேன். சில மாலைகளில் அடிப்பேன். இப்படி ஒரு நம்பர் இல்லை என்று அந்தப் பெண் சொல்கிறாள்.

லயத்தில் இன்று ஆளுக்கொரு போன். முகம் பார்த்துப் பேசுகிறார்கள். யாராவது தெரியாமல் ஒரு ரிங்கில் கட் பண்ணிவிட்டால் வயதான பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

என் வீட்டில் போனவர்கள் இரண்டு பேர். அண்ணன், தம்பி. ஒருவனுக்காக ஒருவர் போனார், இருவரும் போனார்கள். அவர்களுடைய சட்டை இரண்டு இருக்கிறது. ஒரு லொறிச் சாவி வளையம் இருக்கிறது. கானில் கேட்ட அந்த ரிங் இருக்கிறது. ரவி தானாக எங்களுக்குச் சொன்ன கடைசிச் செய்தி அது.

நல்லா இருக்கேன்.